பழம்பொருட் சந்தையும் பேரமும்

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவன் ஒருவன் எழுதியது)

முன்னுரை

கல்லூரியில் நாம் கற்கும் பாடங்கள் பல. நூலகத்தில் கிடைப்பவை சில, ஆய்வுக்கூடத்தில் கிடைப்பவை சில. இவ்விரண்டிலும் கிடைக்காத ஒரு பாடம் எனக்கு எங்கள் ஊராகிய வாணியம்பாடியின் வாரச்சந்தையில் கிடைத்தது. சந்தையைப் பற்றி எழுத வேதியியல் மாணவனுக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். என் தந்தையார் தோல் ஷாப்பில் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே எங்கள் வீட்டுக்கு வேண்டிய பொருள்களில் பாதி, வேறொருவர் பயன்படுத்திய பிறகே எங்களிடம் வந்து சேர்ந்தவை. பழம்பொருள் வாங்குவதில் அனுபவம் உண்டு என்பதே என் தகுதி.

அந்த அனுபவத்தையும், பொருளியல் துறை நண்பர் ஒருவர் தந்த நூல்களில் படித்ததையும் சேர்த்து இக்கட்டுரையை எழுதுகிறேன். பழம்பொருட் சந்தை என்பது என்ன, அங்கே எப்படிப் பார்ப்பது, எப்படிப் பேரம் பேசுவது, எந்த இடத்தில் பேரத்தை நிறுத்துவது ஆகிய நான்கு கேள்விகளுக்கும் விடை காண முயல்வோம்.

பழம்பொருட் சந்தையின் வரலாறு

சந்தை தமிழருக்குப் புதிதன்று. மதுரைக்காஞ்சி நாளங்காடி, அல்லங்காடி எனப் பகற்கடைகளையும் இரவுக்கடைகளையும் காட்டுகிறது. பட்டினப்பாலையோ காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும்போது, அவர்கள் வாங்கும்போது மிகுதியாக வாங்காதவர்கள், கொடுக்கும்போது குறைவாகக் கொடுக்காதவர்கள் என்ற கருத்தைச் சொல்கிறது. இந்தக் கருத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் இறுதியில் இது மீண்டும் நமக்குத் தேவைப்படும்.

பழம்பொருளுக்கென்றே அமைந்த சந்தைகளுள் உலகப் புகழ் பெற்றது பாரிஸ் நகரின் எல்லையில் உள்ள சேந்த்துவான் சந்தை. கந்தலும் பழைய சாமானும் பொறுக்கி விற்ற ஏழைகள் நகர மதிலுக்கு வெளியே கடை விரித்ததிலிருந்து அது வளர்ந்தது. பழைய மெத்தைகளிலும் நாற்காலிகளிலும் தெள்ளுப்பூச்சி இருந்ததால் அதைத் தெள்ளுப்பூச்சிச் சந்தை என்றே அழைத்தார்கள் என்பர். உலகெங்கும் இத்தகைய சந்தைகளுக்கு இன்று அதுவே பெயர்.

தமிழ்நாட்டில் பழம்பொருள் என்றதும் மூத்தோர் நினைவுக்கு வருவது சென்னை மூர் மார்க்கெட். சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே 1900-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அச்சிவப்புக் கட்டடத்தில் பழைய புத்தகங்கள், இசைத்தட்டுகள், நாணயங்கள், கிளி, முயல் என எல்லாம் கிடைத்தன. காசில்லாத மாணவர்கள் பலருக்கு அதுவே நூல்நிலையமாக இருந்தது. 1985 மே மாதம் 30-ஆம் நாள் அது தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் பின்னர் ரயில்வே கட்டடம் எழுந்தது. வியாபாரிகளுக்கு அருகிலுள்ள அல்லிக்குளத்தில் கடைகள் தரப்பட்டன. சென்னையை அடுத்த பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் சந்தையில் இன்றும் பழைய மரச்சாமான், கடிகாரம், மின்கருவிகளின் உதிரிப்பாகம் முதலியவற்றைத் தரையில் பரப்பி விற்கிறார்கள்.

எங்கள் ஊர்ச் சந்தை அத்துணைப் பெரிதன்று. காய்கறியும் கீரையும் கருவாடும் நடுவில் இருக்கும். பழம்பொருள் ஓரத்தில் இருக்கும். கோணியை விரித்து அதன்மேல் துருப்பிடித்த திருகாணிகள், பூட்டில்லாத சாவிகள், சாவியில்லாத பூட்டுகள், பேசாத வானொலிகள், பழைய துணிகள் ஆகியவற்றை வைத்திருப்பார்கள். தோல் நகரங்களுக்கே உரிய சரக்கும் உண்டு. தொழிற்சாலைகளில் வெட்டி மீந்த தோல் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும். ஏற்றுமதிக்குத் தேறாமல் கழிக்கப்பட்ட காலணிகள் சோடி சோடியாகக் குவிந்திருக்கும். ஒரு கோணியில் தமிழும், அடுத்த கோணியில் உருதும், அதற்கடுத்ததில் தெலுங்கும் கேட்கும். எண்கள் மட்டும் மூன்று மொழியிலும் எல்லோருக்கும் தெரியும்.

சுற்றிப் பார்த்தலும் துருவிப் பார்த்தலும்

சந்தைக்குப் போனதும் முதல் கடையிலேயே வாங்குபவன் ஏமாறுவான் என்பார் என் தாயார். ஒரு சுற்றுச் சுற்றி வந்துதான் எதிலும் கை வைப்பார். இதையே அமெரிக்க மானிடவியலறிஞர் கிளிபர்ட் கீர்ட்ஸ் ஆராய்ந்து எழுதியிருக்கிறார் என்று அறிந்தபோது வியந்தேன். மொராக்கோ நாட்டின் செப்ரூ என்னும் சிற்றூர்ச் சந்தையைப் பல காலம் கவனித்து, 1978-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். சந்தையில் அரிதான சரக்கு துணியோ தானியமோ அன்று, செய்தியே என்பது அவர் கண்ட முடிவு. எது நல்ல பொருள், எது நியாய விலை, யார் நம்பத்தக்கவர் என்பது எளிதில் தெரிவதில்லை. அதைத் தேடுவதுதான் சந்தையில் நடக்கும் உண்மையான வேலை.

தேடல் இருவகைப்படும். பலரிடம் ஒரே கேள்வியைக் கேட்பது விரிந்த தேடல். ஒருவரிடமே பல கேள்விகளைக் கேட்பது ஆழ்ந்த தேடல். புதிய பொருள் எல்லாக் கடையிலும் ஒன்றுபோல் இருப்பதால் அதற்கு விரிந்த தேடலே போதும். பழைய பொருள் அப்படியன்று. ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு சைக்கிள்கள் பத்தாண்டுக்குப் பின் இரண்டு வேறு பிறவிகள். ஆகவே பழம்பொருளுக்கு ஆழ்ந்த தேடல் வேண்டும். அந்த ஆழ்ந்த தேடலுக்கு நம் ஊர்ப் பெயர்தான் பேரம். விலையைக் குறைப்பது பேரத்தின் ஒரு பாதியே. பொருளின் கதையைக் கேட்டறிவது மறுபாதி.

தொட்டறிதல்

முதலாண்டில் நான் கல்லூரியில் சேர்ந்தபோது, ஆய்வுக்கூடத்துக்கு விரல்களை மூடும் காலணி அணிந்து வரவேண்டும் என்றார்கள். அமிலம் சிந்தினால் காலைக் காப்பதற்காக ஏற்பட்ட நல்ல விதி அது. ஆனால் இருபது ஆண்டுகளாகத் தோல் பதனிடும் என் தந்தையின் வீட்டில் தோல் ஷூ ஒன்றுகூட இருந்ததில்லை. அப்பா என்னைச் சந்தைக்கு அழைத்துச் சென்றார்.

கழிவுக் காலணிகள் விற்கும் பாய், கருப்பு ஷூ ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "அசல் தோல்ண்ணே, எக்ஸ்போர்ட் சரக்கு" என்றார். அப்பா பதில் பேசவில்லை. ஷூவை மூக்கருகே கொண்டுபோனார். கட்டைவிரலால் மேற்பாகத்தை அழுத்தினார். அழுத்திய இடத்தைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் பரவி, விரலை எடுத்ததும் மறைந்தன. பிறகு உட்புறத்தில் வெட்டு விளிம்பைப் பார்த்தார். "மேலே தோல். உள்ளே லைனிங் ரெக்சின்" என்றார். பாய் சிரித்துவிட்டார். "நீங்க ஷாப்புக்காரரா? முன்னாடியே சொல்லக்கூடாதா?"

அப்பாவின் கட்டைவிரலுக்குத் தெரிந்ததை நான் பின்னர் வகுப்பில் படித்தேன். தோல் என்பது கொல்லாஜன் எனும் புரத இழைகளின் பின்னல். குரோமியம் உப்பு அவ்விழைகளைப் பிணைத்து அழுகாமல் காக்கிறது. அதனால் வெட்டு விளிம்பில் நார்நாராகத் தெரிவது தோல், கீழே துணியும் மேலே வழவழப்பான பூச்சும் தெரிவது ரெக்சின். விளிம்பில் நீலம் கலந்த சாம்பல் நிறம் இருந்தால் பெரும்பாலும் குரோமியத்தில் பதனிட்டது. பழுப்பு நிறம் இருந்தால் பெரும்பாலும் மரப்பட்டையில் பதனிட்டது. ஒரு நூலிழையளவு கத்தரித்துக் கொளுத்தினால் தோல் முடி கருகும் நாற்றம் தரும், ஏனெனில் இரண்டும் புரதம். ரெக்சின் பிளாஸ்டிக் நாற்றம் தரும்.

அந்த ஷூ ஏன் கழிக்கப்பட்டது என்பதையும் அப்பா கண்டுபிடித்தார். இடது ஷூவின் ஓரத்தில் உண்ணி கடித்த தழும்பு ஒன்று இருந்தது. மாடு உயிரோடு இருந்தபோது ஏற்பட்ட வடு அது. பார்வைக்குக் குறை, உழைப்புக்குக் குறையில்லை. தையல் விட்டிருந்தாலோ, அடிப்பாகம் பசை விட்டிருந்தாலோ வாங்கக்கூடாது என்றார். கண்ணுக்குக் குறையா, காலத்துக்குக் குறையா என்று பிரித்துப் பார்ப்பதே பழம்பொருள் வாங்கும் கலையின் முதற்பாடம்.

பழம்பொருட் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. இதனால் விளையும் கேட்டை ஜார்ஜ் அகர்லாப் என்னும் பொருளியலறிஞர் 1970-இல் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட சான்று பழைய கார்ச் சந்தை. நல்ல கார் எது, கெட்ட கார் எது என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், அவர் நடுத்தர விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல காரை யாரும் விற்க மாட்டார்கள். நல்லவை விலகியபின் கெட்டவை மிஞ்சும். விலை மேலும் இறங்கும். முடிவில் சந்தையே கெட்டுவிடும். இக்கட்டுரையை மூன்று இதழ்கள் ஏற்க மறுத்தன என்பதும், அதை எழுதியவர் 2001-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார் என்பதும் தேர்வில் தோற்ற நண்பர்கள் நினைவிற்கொள்ள வேண்டிய செய்திகள். நம் சந்தைகள் கெடாமல் இருப்பதற்குக் காரணம், தொட்டுப் பார்க்கும் உரிமையும், வாடிக்கை என்ற உறவும் ஆகும். அடுத்த வாரமும் அதே கோணியில் உட்கார வேண்டியவர் இந்த வாரம் அதிகம் பொய் சொல்ல முடியாது.

பேரம் பேசும் முறை

இனி விலைக்கு வருவோம். எழுதி ஒட்டிய ஒரே விலை என்பது வணிக வரலாற்றில் அண்மைக்கால வழக்கம். பாரிஸ் நகரில் 1852 முதல் அரிஸ்தித் பூசிக்கோ வளர்த்த போன் மார்ஷே கடை, எல்லோருக்கும் ஒரே விலை என்ற முறையைப் பரப்பிய கடைகளுள் முதன்மையானது. நம் நாட்டில் பொட்டலப் பொருள்கள்மேல் அச்சிடப்படும் அதிகபட்ச விலைக்கு மேல் விற்பது குற்றம், குறைத்து விற்கத் தடையில்லை. ஆனால் கோணிமேல் கிடக்கும் பழைய பொருளுக்கு அச்சிட்ட விலை ஏது? அங்கே ஒவ்வொரு விலையையும் இரண்டு பேர் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

பேரத்தின் கணக்கு எளிது. பாய் அந்த ஷூவுக்கு ரூ.650 சொன்னார். அவர் மனத்தில் ரூ.350-க்குக் கீழ் கட்டுபடியாகாது என்று வைத்துக்கொள்வோம். அப்பாவின் மனத்தில் ரூ.450-க்கு மேல் முடியாது என்ற எல்லை இருந்தது. 350-க்கும் 450-க்கும் இடையிலுள்ள நூறு ரூபாய்தான் பேரம் நடக்கும் களம். அப்பா ரூ.300 கேட்டார். பாய் தழும்பு ஒன்றுதானே குறை என்றார். அப்பா லைனிங்கைக் காட்டினார். ரூ.400-இல் முடிந்தது. கொசுறாக ஒரு சோடி கயிறும் தந்தார். இருவரும் சிரித்த முகத்தோடு பிரிந்தார்கள். இருவருமே சரக்கு தெரிந்தவர்கள். வேண்டாம் என்று எழுந்து போக இருவருக்குமே முடியும். அதனால் களத்தின் நடுவில் விலை நின்றது.

மாட்டுச் சந்தைகளில் இதையே வாய் திறவாமல் செய்வதுண்டு. வாங்குபவரோ தரகரோ விற்பவரோடு கைகோத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, விரல்களைப் பிடித்து விலை சொல்வார். எத்தனை விரல் என்பது துண்டுக்குள் இருக்கும். அது நூறா, ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் விளங்கும். சுற்றி நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது. விலை என்பது அந்த இருவருக்கு இடையே மட்டும் உள்ள செய்தி, அடுத்த பேரத்தை அது கட்டுப்படுத்தாது என்பது இதன் பொருள்.

பேரம் முறிந்தால் யாருக்கு நட்டம்?

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுவே.

இரண்டாமாண்டின் தொடக்கத்தில் ஒரு சந்தை நாளன்று தனியே போயிருந்தேன். ஓரத்திலும் ஓரமாக ஓர் ஆயா உட்கார்ந்திருந்தார். அவர் முன் ஒரு பித்தளைச் சொம்பு, ஓடாத சுவர்க்கடிகாரம், இரண்டு தடித்த புத்தகங்கள். புரட்டிப் பார்த்தேன். ஒன்று கனிம வேதியியல், மற்றது செய்முறை வழிகாட்டி. இரண்டும் எனக்குப் பாடநூல்கள். புதிதாக வாங்கினால் ரூ.700-க்குக் குறையாது. நூலகத்திலோ ஒரு படிக்கு இருபது பேர் காத்திருந்தோம். ரூ.400 வரை கொடுக்க நான் ஆயத்தமாக இருந்தேன்.

"எவ்ளோ ஆயா?"

"ரெண்டும் நூத்தம்பது குடு கண்ணு."

என் மகிழ்ச்சியை முகத்தில் காட்டவில்லை. கற்ற வித்தையைக் காட்டினேன். அட்டை கிழிந்திருக்கிறது என்றேன். பழைய பதிப்பு என்றேன். ரூ.60 என்றேன். ஆயா நூறுக்கு இறங்கினார். நான் புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். பத்தடி போவதற்குள் கூப்பிட்டார். "எழுபதாவது குடுப்பா. இன்னிக்கு இன்னும் போணியே ஆவல." மாலை நான்கு மணி. எழுபது ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தபோது முதற்பக்கத்தில் ஒரு பெயரும், 'முதலாமாண்டு வேதியியல்' என்ற எழுத்தும் இருந்தன. பாதிப் புத்தகம் வரை பென்சிலால் அடிக்கோடுகள். அதற்குப் பிறகு ஒரு கோடும் இல்லை. ஆயாவின் வீட்டில் யாரோ ஒருவர் என்னைப்போல் படிக்க வந்து, பாதியில் நின்றுபோயிருக்கிறார்.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டால் ஆயாவுக்கு ஏறத்தாழ ரூ.30 கிடைத்திருக்கும். என் எல்லை ரூ.400. இடையிலுள்ள களம் ரூ.370. ரூ.70-க்கு வாங்கியதால் எனக்கு வந்த ஆதாயம் ரூ.330, ஆயாவுக்கு வந்தது ரூ.40. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. இருவருக்கும் ஆதாயமே. ஆயினும் எனக்கு உறக்கம் வரவில்லை.

ஏன் என்பதற்கு விடை, ஜான் நாஷ் என்னும் கணித அறிஞர் மாணவராக இருந்தபோதே எழுதி 1950-இல் வெளியிட்ட பேரக் கோட்பாட்டில் இருக்கிறது. பேரத்தின் முடிவை ஆராய வேண்டுமானால், பேரம் முறிந்தால் ஒவ்வொருவர் நிலை என்ன ஆகும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்றார் அவர். முறிந்தால் குறைவாக இழப்பவன் கை ஓங்கும். நான் எழுந்து நடந்தபோது எனக்கு நேர இருந்த நட்டம், நூலகத்தில் காத்திருப்பது. ஆயாவுக்கு நேர இருந்தது, போணியாகாத ஒரு நாள். பத்தடி நடந்தது என் பேரத் திறமை என்று எண்ணியிருந்தேன். உண்மையில் என்னால் நடக்க முடியும், அவரால் முடியாது என்பதைத்தான் நான் விலைக்கு மாற்றியிருக்கிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் அகர்லாப்பும் நாஷும் படித்தவர் அல்லர். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார். "தெரிஞ்சவன் தெரியாதவன்கிட்ட வாங்கலாம், தப்பில்ல. தெரியாதவன் விலையில வாங்கக் கூடாது."

அடுத்த சந்தை நாளன்று ஆயாவைத் தேடிப் போனேன். இருந்தார். புத்தகத்தின் உண்மையான விலையைச் சொல்லி, 130 ரூபாயை நீட்டினேன். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். சுருங்கிற்று.

"நான் கேட்டது நூத்தம்பது. நீ எழுபது குடுத்த. மிச்சம் எம்பது. அத வேணா குடு. அதுக்கு மேல ஒரு ரூபா வேணாம். தருமம் வாங்கவா இங்க குந்திக்கினு இருக்கேன்?"

நான் பேசிப் பார்த்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக விலையை ஏற்றுவதற்காகப் பேரம் பேசித் தோற்றேன். எண்பது ரூபாயை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டு, "இன்னிக்கு போணி நல்ல கைல ஆச்சி" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். புத்தகத்துக்கு உரியவரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், பழம்பொருட் சந்தையில் வாங்குவோர்க்குச் சில நெறிகள் புலனாகின்றன. முதலில் சுற்றிப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு பொருளைத் துருவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குக் குறையையும் காலத்துக்குக் குறையையும் பிரித்தறிய வேண்டும். தன் எல்லையைக் கடைக்குப் போகும் முன்பே வகுத்துக்கொள்ள வேண்டும். கூச்சமின்றிப் பேரம் பேச வேண்டும், ஏனெனில் சரக்கு தெரிந்த வியாபாரியிடம் பேசும் பேரம் அவருக்கும் மதிப்பே. ஆனால் எதிரில் இருப்பவருக்குச் சரக்கின் மதிப்புத் தெரியவில்லை, எழுந்து போகவும் வழியில்லை என்று கண்டால், அங்கே பேரத்தை நிறுத்திக் கேட்ட விலையைக் கொடுத்துவிட வேண்டும். மிகுதியாக வாங்காத, குறைவாகக் கொடுக்காத வணிகரைப் பட்டினப்பாலை போற்றியது. அந்தப் போற்றுதலுக்கு விற்பவர் மட்டுமன்றி வாங்குபவரும் உரியவராக வேண்டும்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டுக்கு முதற்பட்டதாரிகள். இன்று நமக்குக் கிடைக்கும் கல்வி, நாளை நம்மைச் சரக்கு தெரிந்தவர்கள் பக்கத்தில் நிறுத்தும். அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் வங்கியிலும் நம் எதிரே வந்து உட்காருபவர்களுள் நம் பெற்றோரைப் போன்றவர்கள் இருப்பார்கள். நமக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது. அப்போது தெரியாதவன் விலையில் வாங்குவோமா, கேட்ட விலையைக் கொடுப்போமா என்பதே நாம் எழுதவிருக்கும் தேர்வு.

அந்த ஷூ இன்னும் உழைக்கிறது. அந்தப் புத்தகத்தில் பென்சில் கோடுகள் நின்ற பக்கத்திலிருந்து நான் கோடு போட்டுக்கொண்டு வருகிறேன். இப்போது முக்கால் புத்தகம் ஆகியிருக்கிறது.